ஆட்சேபணைக்குப் பதில்

வண்ணார்பேட்டையில் கண்ணாடிக்கடை மாடி.
பிங்-பாங் மேசைமேல் பச்சை விரிப்பு.
ஞாயிறு மூன்று மணி.
சின்னப் படைகள் சாய்ந்துவிடாத வேகத்தில்
மின்விசிறி.

படை ஆயிரம் பாயிண்டுக்குள் இருக்கவேண்டும்.
கூடவே ஒரு பக்கம் வரலாறு:
எந்த யூனிட்டை ஏன் எடுத்தோம் என்று
கற்பனையாகவாவது ஒரு காரணம்.
நடுவர் அல்தாபு போட்ட விதி.
எனக்கென்ன சிரமம்,
பத்தொன்பது வருடமாக உள்ளாட்சித் தணிக்கையில்
பிறர் எழுதிய காரணங்களைப் படித்துச்
சம்பளம் வாங்குகிறவள்.
காணாமல்போன கைப்பம்பை
ஆடு தின்றது என்பதைத் தவிர
மற்ற எல்லாம் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

என் படை, கொடுக்காப்புளிப் பாளையம்.
எந்த வரைபடத்திலும் இல்லை.
தேரிக்கும் ஆற்றுக்கும் நடுவே
நானே கொண்டுபோய் வைத்த ஊர்.

ஞானதுரை மருந்துக்கடைக்காரர்.
சீட்டு இல்லாமல் எதையும் நம்பமாட்டார்.
"குதிரை எங்க மேடம்?
பன்னெண்டு கழுதையில்லா நிக்கு?"

வாசித்தேன்:
தேரி மணலில் குதிரைக் குளம்பு புதையும்.
முந்தைய பாளையக்காரர் அங்கே
ஆறு குதிரையும் ஒரு லாடக்காரனும் இழந்தார்.
கழுதை உப்பு சுமந்து பழகியது.
வெடிச்சத்தத்துக்கு ஓடாது.
எந்தச் சத்தத்துக்கும் ஓடாது.

குதிரைப் பெட்டி மூவாயிரத்து நானூறு ரூபாய்
என்பதை எழுதவில்லை.

"தளபதி?"
இல்லை. கணக்குப்பிள்ளை இருக்கிறார்,
ஓலை, எழுத்தாணி, தொந்தியோடு.
தளபதி கூரியரில் வரும்போதே
கழுத்தொடிந்து வந்தார்.
வரலாற்றில் அது வாரிசுச் சண்டை.
யாருக்கு எத்தனை மாதக் கூலி பாக்கியென்று
தெரிந்தவர் இவர் ஒருவரே.
ஆகவே இவர் போகுமிடமெல்லாம் படை போகும்,
இவர்மேல் ஓர் அம்பு விழவும் விடாது.
அல்தாபு சிரித்து,
விசுவாசத்துக்கு ஒரு புள்ளி கூட்டித் தந்தார்.

பிறகு படகு.

எண்பது பாயிண்டு. நாலு விரல் நீளம்.
மேசையில் ஆறு இல்லை, குளம் இல்லை,
நீலத்தில் ஒரு பொட்டுகூட இல்லை.
என் தாளில் அதற்கு நேரே
மூன்றே சொல்: தண்ணி வந்தாலும் வரும்.

"இது செல்லாது மேடம்.
எம்பது பாயிண்டுக்கு எட்டு வில்லாள் கெடைக்கும்.
தரையில படகு என்ன செய்யும்?"
"நிக்கும்."
"அதான், ஏன்னு கேக்கேன்."

அந்த மார்கழியில் அவர் சென்னையில் இருந்தார்.
நான் சிந்துபூந்துறையில், அடுத்த வீட்டு மொட்டைமாடியில்,
பத்திரப் பையை நெஞ்சோடு பிடித்து
இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் காலை
உவரிப் பக்கமிருந்து லாரி ஏறி வந்த படகு
பால் பூத்தைத் தாண்டி,
ஏடிஎம் பலகையைத் தாண்டி
எங்கள் தெருவுக்குள் திரும்பியது.
இண்டிகேட்டர் போடாமல்.
அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது.

இதை மேசையில் சொல்லவில்லை.
"அனுமதிக்கலாமா?" என்றேன்.
அல்தாபு மேலப்பாளையத்துக்காரர்.
தாளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இருக்கட்டும்" என்றார்.

தோற்றேன்.
கழுதைகள் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே செத்தன.
கணக்குப்பிள்ளை நாலாவது சுற்றில் விழுந்ததும்
பாக்கி வைத்திருந்த படை
வீட்டுக்குப் போய்விட்டது.
படகை யாரும் தாக்கவில்லை.
அதுவும் யாரையும்.

பெட்டியில் அடுக்கும்போது
ஞானதுரை அதைப் பஞ்சில் சுற்றப்போய்
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.
"கடைசியில நிக்கவரு யாரு?
இவருக்கு மட்டும் சட்டப் பட்டன்வரை வரஞ்சிருக்கிய.
அதுலயும் ஒண்ணு செவப்பு."

படகின் பதிவெண் இன்றைக்கும் ஒப்பிப்பேன்.
டீசல் எத்தனை லிட்டர் இருந்தது என்றுகூடச் சொல்வேன்,
கேன் என் காலடியில்தான் இருந்தது.
தாளில் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி.
காலிக் கட்டத்துக்கு
ஊரெல்லாம் ஆட்சேபணை எழுதுகிறவள் நான்.

"பேரு என்ன வச்சிருக்கிய?"

"கேக்கல" என்றேன்.
"எங்கள எறக்கிவிட்டுட்டு
அடுத்த தெருவுக்குப் போயிட்டாவ."