நூறு ரப்பர் பேண்டு

வாரத்தில் ஆறு நாள்
துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறவன் நான்.
வந்தது எத்தனை, குறைந்தது எத்தனை,
நசுங்கியது எத்தனை.
மூன்று கட்டம். கீழே என் கையெழுத்து.

ஏழாம் நாள் பொட்டலம் எண்ணுகிறேன்.

தண்டையார்பேட்டையில்
ஃப்ளாரன்ஸ் அக்கா வீட்டு மொட்டைமாடியில்
மூன்று மணிக்கே அடுப்பு பற்றிவிடும்.
சாம்பார் சாதம், நூற்றி நாற்பது.
வாழையிலைக் கிழிசல்,
அதன்மேல் நேற்றைய செய்தித்தாள்,
அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டு.
தேசிங்கு தன் மீன்வண்டியைக் கழுவி
பினாயில் ஊற்றி
மறுபடி கழுவிக் கொண்டுவருவான்.
அப்படியும் சாதத்தில்
கொஞ்சம் காசிமேடு ஏறிவிடும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில்
பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்கள்
நோயாளிகள் இல்லை, நோயாளிக்குத் துணை வந்தவர்கள்.
திருத்தணிப் பக்கத்து ஆள் ஒருவர்
பொட்டலத்தைப் பார்க்காமல் கேட்டார்:
"சார்ஜர் இருக்குதா தம்பி?
உள்ளேயிருந்து கூப்பிடுவாங்க."
நூற்றி நாற்பது கொண்டுவந்தவனிடம்
அந்த ஒன்று இல்லை.

மூலகொத்தளம் போவதற்குள் வண்டி காலி.
அன்றைக்கு இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பெண் மட்டும்
எட்டிப் பார்த்து
டிரேயின் மூலையை விரலால் தொட்டாள்.
குறைவு: ஏழு.
இதற்குக் கையெழுத்து எங்கே போடுவது?

ராயபுரம் பாலத்துக்கு அடியில் இருப்பவள் கன்னியம்மா.
முதல் மாதமே பிரித்து, ஒரு வாய் தின்று,
"இன்னா நைனா, உப்பே இல்ல" என்றாள்.
ஓசிச் சோற்றில் உப்பு வேறயா
என்று நினைத்தேன். நினைக்கத்தான் செய்தேன்.
எப்படியோ அவளுக்குக் கேட்டுவிட்டது.
"துட்டு குட்த்து துன்றவனுக்கு மட்டுந்தான்
நாக்கு கீதா?"
தேசிங்கு வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.
எனக்கு ஸ்டான்லி வரை காது சுட்டது.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு.
பாதிப் பொட்டலத்தில் ரப்பர் பேண்டு தீர்ந்தது.
கடை எல்லாம் சாத்தியிருந்தது.
பூ கட்டும் நாரில் சுற்றினோம், தைக்கிற நூலில் சுற்றினோம்.
முப்பது பொட்டலம்
வண்டியிலேயே வாய் திறந்துவிட்டது.

பாலத்தடியில்
நூல் சுற்றிய பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தாள் கன்னியம்மா.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
உள்ளே ஒரு பந்து:
சிவப்பு, பச்சை, மஞ்சள்.
ஞாயிறுதோறும் நாங்கள் போட்டு
எல்லோரும் பிரித்து எறிந்தது,
தரையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துக்
கழுவிச் சேர்த்தது.
"பரோட்டா கடைக்காரன் எட்டு ரூபா தர்றான்.
நீ பத்து குடு.
நூறு கீது."

நான் எண்ணினேன். தொழில் பழக்கம்.
அவள் தடுக்கவில்லை,
உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினாள்.
நூறு இருந்தது.
பத்து ரூபாய் நாணயத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
ரவிக்கைக்குள் போட்டாள்.
பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.
முதலில் வந்தவள்தான்.
"அது யாவாரம்" என்றாள், நான் கேட்காமலே.
"இது சோறு."

அந்த நூறில் ஒன்று
இப்போது என் மேசையில்
திங்கட்கிழமைத் தாள்களைச் சுற்றிக் கிடக்கிறது.
மஞ்சள். எவ்வளவு கழுவியும்
சாம்பார் வாசனை போகவில்லை.
மேலதிகாரி ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஃப்ளாரன்ஸ் அக்கா
கல்லுப்பு ஒரு பிடி கூட்டிப் போட்டாள்.
கன்னியம்மா பிரித்தாள். ஒரு வாய் வைத்தாள்.
மெதுவாய் மென்றாள்.
வண்டியைக் கிளப்பாமல்
நாங்கள் நாலு பேரும் அவள் வாயையே பார்த்து நின்றோம்,
தேர்வு எழுதியவர்கள் போல.

"கரிக்குது" என்றாள்.

சொல்லிவிட்டு
இலையை வழித்தாள்.