அறை ஏழு, காலி

சாவிப் பலகையில் இருபத்திரண்டு ஆணி.
எது காலி, எதில் ஆள் என்று
பார்த்ததும் சொல்வேன்.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ராயக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி
தக்காளி மண்டியைத் தாண்டி
ஷேர் ஆட்டோவில் மேடேறி வருகிறார்கள்.
மூன்று வாரம். சிலர் ஆறு.
வந்ததும் வைஃபை கேட்பார்கள், பிறகு சாக்பீஸ்.
பேராசிரியர் என்று நிரந்தரமாய் ஒருவரும் கிடையாது.
இயக்குநரே ஈராண்டுக்கு ஒருவர்.
மாறாமல் இருப்பது நான்,
சமையல்கட்டில் திம்மக்கா,
கேட்டில் வேடியப்பன்,
பின்னால் கோட்டைப் பாறை.

போன மார்கழியில் தணிக்கைக்கு வந்தவர்
படிவத்தை மேஜையில் விரித்தார்.
மாணவர் எத்தனை? இல்லை.
கருவிகள்? இல்லை.
கரும்பலகை முப்பத்தொன்று,
கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்கூட ஒன்று.
"அப்போ இங்க என்னதாம்மா உற்பத்தி?"

நான் சொல்ல நினைத்ததை எழுத
அவரிடம் கட்டம் இல்லை.

ஏழாம் அறையில் இபெம்சா இருந்தாள், இம்பால்காரி.
ராகிக் களியை மெல்லாமல் விழுங்க
இரண்டாம் நாளே பழகிக்கொண்டவள்.
மாடிப்படித் திருப்பத்துப் பலகையில்
பதினெட்டு நாள் எழுதினாள்.
எழுதியதைவிட நின்றதே அதிகம்.
கடைசி இரவு ஓர் அம்புக்குறி போட்டு
அதன் முனையில் ஒன்றும் எழுதாமல்
படுக்கப் போனாள்.
விடியலில் சாவி, கையெழுத்து,
சேலம் போகிற பாசஞ்சர்.

விதி இருக்கிறது:
சாவி திரும்பினால் பலகையைத் துடைக்க வேண்டும்.
ஈரத்துணியோடு படியேறினேன்.
பேச்சின் நடுவில் யாரோ எழுந்துபோன
நாற்காலி மாதிரி இருந்தது அந்த அம்பு.
துணியைப் பிழிந்து கைப்பிடியில் காயப் போட்டேன்.
மறந்துவிட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.
அன்று தண்ணீர் லாரி வேறு வந்தது.

சாயங்காலம் அதே அறைக்கு மிலோஷ்,
பெல்கிரேடிலிருந்து.
மெத்தை உறை மாற்றி முடியவில்லை,
கொஞ்சம் நில்லுங்கள் என்றேன்.
நின்ற இடம் படிக்கட்டு.
பெட்டி ஒரு படியில், அவர் மறு படியில்.
சாப்பாட்டு மணி அடித்தது. ஆளைக் காணோம்.
திம்மக்கா தட்டை மூடிவைத்தாள்.
இரண்டு மணி ரோந்தில் வேடியப்பன் பார்த்தபோது
தன் ஷூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.
"கிறுக்குப் புடிச்சிருக்குக்கா. லைட்ட அணைச்சிடவா?"
இருக்கட்டும் என்றேன்.

காலையில் அம்பின் முனையில்
சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.
இந்த வழி போகாது என்று அர்த்தமாம்.
பக்கத்தில் வேறொன்று,
என் கைக்கு எட்டாத உயரத்தில் தொடங்கி
பலகையை விட்டு இறங்கி
சுவரில் முடிந்திருந்தது.
சுண்ணாம்பு அடிக்க எவ்வளவு ஆகும் என்று
அப்போது அதைத்தான் யோசித்தேன்.

பதினோரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு கட்டுரை.
இரண்டு பெயர் சேர்ந்து.
இருவரும் இன்றுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.
கடைசிப் பக்கத்தில் நன்றி:
ராயக்கோட்டையை ரயில்கோட்டை என்று அச்சிட்டு,
அதன் படிக்கட்டுக்கும் சேர்த்து.
துணிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.
சொல்லவும் தேவையில்லை.
மற்ற நாளெல்லாம் அது துடைத்துக்கொண்டுதானே இருந்தது.

அதுதான் தூக்கத்தில் உறுத்துகிறது.
விதிப்படி, சுத்தமாய்,
பன்னிரண்டு வருஷம் நான் துடைத்தவை.
எதில் எந்த அம்பு இருந்ததோ.
விலை விழுந்தால் மண்டிக்காரர்கள்
கூடை கூடையாய்த் தக்காளியை ரோட்டோரம் கொட்டுவார்கள்.
அடுத்த மழைக்கு அங்கே செடி நிற்கும்,
யாரும் நடாதது.
பலகைக்கு அப்படி உண்டா, தெரியவில்லை.
மிலோஷிடம் கேட்டிருக்கலாம்.

தணிக்கைக்காரர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.
"காலி அறை, சார்" என்றேன்.
"தினமும் காலி பண்ணி, பெருக்கி,
அடுத்தவங்களுக்கு வைக்கிறோம்."
நிமிர்ந்து பார்த்தார்.
கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

வாசலில் ஆட்டோ சத்தம்.
ஏழாம் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன்.