அங்க அடையாளங்கள்

ரத்தினாசலம் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஆறாம் வகுப்பில் எழுதிய பதிவேட்டைப் பார்த்து
டிசியில் என்னை எழுதிக்கொண்டிருக்கிறார்:
வலது முழங்கையில் ஒரு மச்சம்,
இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு.

தழும்பு இப்ப இல்லீங் சார், என்றேன்,
அழிஞ்சு நெம்ப நாளாச்சுங்.
பேனா நிற்கவில்லை.
"பதிவேட்டுல இருக்குதல்ல அம்மிணி.
இருக்கறதத்தான் எழுதோணும்."

போன மே லீவில்
அனுப்பர்பாளையத்துக் கம்பெனியில்
ஓவர்லாக் ஊசி ஒரு முறை
விரலுக்குள் போய் வந்தது.
அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கிறது.
எடுத்து நீட்டலாமா என்று நினைத்து
கையை மடக்கிக்கொண்டேன்.

நடத்தை: நன்று.
பாத்ரூம் சுவரில் கணக்கு மிஸ்ஸுக்குப் பட்டப்பெயர் எழுதியதற்கு
இரண்டு நாள் வராந்தாவில் நிறுத்திய பள்ளி
எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டது!

கெமிஸ்ட்ரி லேப் இங்கிருந்து தெரிகிறது.
ப்யூரெட்டிலிருந்து கடைசி ஒரு சொட்டு,
நிறமில்லாத நீர் இளஞ்சிவப்பாகும்,
அங்கே நிறுத்தத் தெரிந்தால் முழு மார்க்.
எங்களுக்குத் தெரியாதா?
மழைக்கு மறுநாள் நொய்யல் பாலத்தில் நின்று
இது நேவி புளூ ஆர்டர், இது மெரூன் என்று
சொல்லிப் பழகிய கண்கள்.
எந்தச் சொட்டில் ஆறு மாறியது என்றுதான்
யாரும் கேள்வி வைக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார வைத்தபோது
சஸ்மிதாவுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
தண்ணி, பாத்ரூம், போடி.
மூன்றாவதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்,
அன்று காலையிலேயே.
பன்னிரண்டில் அவளுக்குத் தமிழில் தொண்ணூற்றிரண்டு.
எனக்கு எழுபத்தொன்று.
"ஏனுங் அம்மிணி, சாப்டாச்சுங்களா" என்று
என் ஊரை என்னைவிட இழுத்துப் பேசுவாள்.
ஒரிசாவில் இருக்கும் தாத்தாவுக்கு
போனில் பேசும்போதும் நடுவில் ஒரு 'ங்' வந்துவிடுமாம்.

டிசி வாங்க அவள் வரவில்லை.
பரீட்சை முடிந்த திங்கட்கிழமையே
செக்கிங் செக்சனுக்கு வேன் ஏறிவிட்டாள்.
அந்த அலமாரியில்தான் இருக்கும் அவளுடையது,
மச்சமோ தழும்போ
எங்கே என்ன எழுதியிருக்கும்?
ஆறு வருடம் முழங்கை இடித்து உட்கார்ந்தும்
எனக்குத் தெரியவில்லை.

"பள்ளியை விட்டுப் போற காரணம்?"

இப்போதுதான் சார் நிமிர்ந்தார்.
அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.
அரைநாள் பர்மிசன். இரண்டு மணிக்கு வேன்.
பாப்பாவையும் தாட்டிவிடு,
ரெண்டு வருசத்துல வண்டி எடுத்துக்கலாம் என்று
சூப்பர்வைசர் போன வாரமே சொல்லியிருந்தார்.

மேற்படிப்பு, என்றேன்.

எங்கே, என்ன, யார் பணத்தில்:
அதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் இல்லை.
நல்ல வேளை.

அம்மா ஆமாம் என்று சொல்லவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
என் தோளிலிருந்து ஒரு நூல் பிசிறை எடுத்தாள்,
அவள் தலையிலிருந்துதான் விழுந்திருக்கும்.
சார் எழுதி, ஊதி,
முத்திரையை இரண்டு முறை குத்தினார்.
முதல் முறை சரியாக விழவில்லை.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை.
"எத்தனைங் காப்பி?"
ஒரிஜினல் ஒன்றுதான் தருவார்கள்,
தொலைத்தால் போலீஸ், பேப்பரில் விளம்பரம்,
அலைந்து மாளாது.
பத்து, என்றேன்.
கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம்
பத்து முறை என்மேல் போய் வந்தது.
பத்திலும் அந்த இல்லாத தழும்பு.

காகிதம் சுடச்சுட இருந்தது.
சில்லறை வாங்கித் திரும்புவதற்குள்
அம்மா வேனைப் பார்த்து ஓடிவிட்டாள்.
பின் ஜன்னலில் ஒரு கை ஆடியது.
சஸ்மிதாவாக இருக்கலாம்.
வெயிலில் முகம் தெரியவில்லை.

ஒரு காப்பியை எடுத்து
தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.