போட்டியாளர் என்றொரு கட்டம்

வண்ணார்பேட்டை மாடியில் உட்கார்ந்து
பதினாலு சிறப்பம்சம் எழுதியிருந்தேன்.
சிம் கார்டு போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர்.
வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள்.
ஜெரால்டு சார் படிக்கக்கூட இல்லை:
"களக்காட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாம்மா."

வாழைக்கு நடுவில் ஜெபக்கனி அக்கா
நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பினாள்.
"த்ரீ பேஸ் வாரது ராத்திரி ரெண்டு மணிக்கு.
வரப்புல கட்டுவிரியன் கெடக்கு.
இதுல அது எங்கன எழுதிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை.

போட்டியாளர் என்ற கட்டத்தில்
கோயம்புத்தூர் கம்பெனி இரண்டு போட்டிருந்தேன்.
வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டாள்:
"அவங்கல்லாம் யாரு பிள்ள?
நமக்கு மோட்டார் போடுறது மாசானம்லா."

இடுப்பில் டார்ச் செருகி
மாசானமே வந்து நின்றார்.
தோப்புக்கு மாசம் அறுநூறு, ஏழு தோப்பு.
பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்து
விலை கேட்டார்.
நாலாயிரத்து எண்ணூறு என்றேன்.
விரலை மடக்கிக்கொண்டே போய்
"எட்டு மாசம்" என்றார்.
மூன்று நாளாய் அட்டவணையில்
நான் தேடிக்கொண்டிருந்த எண்.

பஸ் ஸ்டாண்டில் நன்னாரி சர்பத் தீரும்வரை
அடித்துக்கொண்டே இருந்தேன்.
பதினாலும் போயிற்று. புதிதாய் ஒரே வரி:
ராத்திரி வரப்பில் இறங்க வேண்டாம்.

கம்பெனிப் பெயர் இரண்டையும் அடித்தேன்.
அந்தக் கட்டத்தில் 'மா' என்று தொடங்கி
அதையும் அடித்துவிட்டு
'தற்போதைய நடைமுறை' என்று எழுதினேன்.

மறுநாள் ஜெரால்டு சார்
அந்த இடத்தில்தான் பச்சை மையில் டிக் போட்டார்.
"பிடிச்சிட்டியே" என்றார்.