காட்டிக் கொடுப்பவை

ராட்டர்டாமில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
எனக்கு அது தெரியாது.
தூய அறைக்குச் சன்னல் இல்லை.
மூக்கு அரித்தாலும் தொடக் கூடாது,
இரண்டு சோடிக் கையுறைக்குள் விரல்கள் ஊறிக் கிடக்கும்.

எட்டாம் நாள்.
இரத்தப் பையிலிருந்து பிரித்தபோது
உருண்டு திரண்டு, சோம்பேறிகளாய்க் கிடந்தவை
இப்போது கிளை விட்டிருக்கின்றன.
முதலில் கண்டவர் நரம்பென்றே நினைத்தாராம்.
எனக்கு, இஃப்கா ஹூக்ஸ்ட்ராவுக்கு,
குளிர்கால எல்ம் மரங்கள் போலிருக்கும்,
அதுவும் நான்கு மணிக்கு மேல், கண் களைத்த பின்.

குப்பியில் பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும்.
ஆனால் பதினேழைத் தெரியும் எனக்கு.
வழி தவறி எங்கள் தாழ்வாரத்துக்கு வந்து
கண்ணாடியைத் தட்டி,
"என்னுடையது எது?" என்றார், மாடு வாங்க வந்தவர் மாதிரி.

கெர்பிராந்த். எழுபத்தொரு வயது.
பதினாறில் ஸ்கீடாம் கப்பல் பட்டறை,
கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் சுற்றும் வேலை.
வெள்ளைத் தூளை உருட்டி
ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடியிருக்கிறார்கள்,
ஜூலையில் பனி என்று.
முகமூடி கேட்டவனிடம் மேஸ்திரி சொன்னார்:
பால் குடி, இறங்கிவிடும்.

எந்த மேஸ்திரி?
இழப்பீட்டு அலுவலகம் இரண்டு முறை கேட்டது.
நினைவில்லை என்றார், இரண்டு முறையும்.
பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்றுதான்:
காட்டிக் கொடுக்காதே.

நுரையீரலின் உறையில்
ஐம்பது வருடம் அந்தத் தூளும் அதே சட்டத்தைக் காத்தது.
பிறகு கட்டி.
அது சொந்தக்காரன் முகத்தோடு உட்கார்ந்திருந்தது.
காவல் செல்கள் வணக்கம் சொல்லிக் கடந்து போயின.

இவை கொல்வதில்லை.
இதை யாரிடம் சொன்னாலும் ஏமாந்து போகிறார்கள்.
உடைத்த கட்டியின் துணுக்குகளைத் தின்னக் கொடுக்கிறோம்;
மென்று, ஒரு சிறு துண்டை
மேற்தோலில் குத்திக்கொண்டு
நிணநீர்க் கணுவுக்கு நடந்து போகும்.
அங்கே கூட்டம் இருக்கும். கைகள் விரித்து
ஒன்றே ஒன்றைச் சொல்லும்:
இவன்தான்.
பிடிப்பதும் அடிப்பதும் வேறு ஆட்களின் வேலை.

இருபத்தைந்து மில்லியன் காட்டிக்கொடுப்பவர்களை
நைட்ரஜன் புகையில் உறைய வைத்து
நான் வீட்டுக்குப் போய் முட்டை பொரித்தேன்.

மூன்றாம் ஊசிக்குப் பின் முப்பத்தொன்பது காய்ச்சல்.
செவிலி ஃபெம்மி தொலைபேசியில் சிரித்தாள்.
சிரிக்கக் கூடாது, சீக்கிரம்;
சிலருக்கு வெறும் காய்ச்சலோடு முடிந்திருக்கிறது.
ஸ்கேன் மார்ச்சில்.

அவருடைய ஒப்புதல் படிவம் இன்று திரும்பி வந்தது.
பின்பக்கத்தில் பென்சிலில்
ஒரு பெயர். ஒரு வருடம். பட்டறையின் வாசல் எண்.
வேறொன்றும் இல்லை.

எங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
நகலெடுத்து
உறைமேல் இழப்பீட்டு அலுவலக முகவரியை எழுதினேன்.
வெளியே வந்தால்
மழை, சொன்னார்களே, பக்கவாட்டில்.