பதினேழாம் நம்பர் நட்டு

ஏழாவது வளைவில் தொடங்கும்.
'கடக்'.
இடப்பக்கச் சக்கரத்துக்கு மேலே,
யாரோ கட்டையால் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு
ஓடிப்போவது போல.
மாதையன் ஒவ்வொரு தடவையும் சொல்வார்:
"டிக்கியில் எதையோ வைத்திருக்கிறாய்."
டிக்கியில் எதுவும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஜோடி அறுநூற்றைம்பது.
கைக்குள் அடங்கும் கறுப்பு ரப்பர்,
நடுவில் இரும்புக் குழல்.
"மாட்ட ஆயிரத்து எண்ணூறு" என்றான் பட்டறைக்காரன்,
என்னிடம் அல்ல, மாதையனிடம்.
அந்தக் காசில்
மரை போட்ட நீளக் கம்பி, கனத்த வாஷர் ஆறு,
ஒரு குழாய்த்துண்டு,
வெல்டிங் மிஷினுக்கு ஒருநாள் வாடகை,
எல்லாம் போக மீந்தது
இரண்டு கரும்புச்சாறுக்கு.

சூரமங்கலம். மே மாத ஞாயிறு.
போர்ட்டிகோவில் சாக்கு விரித்துப் படுக்கிறேன்.
ஜாக்கை நம்பாத மாதையன்
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கிறார்.
டார்ச்சும் பிடிக்கிறார்,
நான் பார்க்காத பக்கமாக.

ஓடிய இடமெல்லாம் அடிவயிற்றில் இருக்கிறது:
ஏற்காட்டுச் செம்மண்,
அதற்கு உள்ளே கருப்பூர்ச் சுரங்கத்து வெள்ளைத் தூள்,
சைலன்சரோடு ஒட்டிக் கருகிய ஒரு காப்பி இலை.
சுரண்டினால் தார்ப்பூச்சு.
தாரைச் சுரண்டினால்
ஓட்டுபவர் காலடியில் ஓர் ஒட்டுத்தகரம்.
வேறு ஏதோ வண்டியின் நம்பர் பிளேட், பாதி.
நாற்பத்தொன்று, தலைகீழாக.
எனக்கு முன்பு இங்கே படுத்தவர்
கையில் கிடைத்ததை வைத்திருக்கிறார்.
ஆனால் ரிவெட்டெல்லாம் நேர்கோட்டில்.

பழைய புஷ்,
வெடித்து, தன் இரும்பை விட்டுப் பிரிந்தும்
வெளியே வர மறுத்தது.
கம்பியைத் திருக, அரை விரற்கடை.
திருக, ஒன்றுமில்லை.
திருக,
மொத்தமாக என் நெற்றியில்.
மாதையன் சிரித்தார். பிறகு பஞ்சு கொண்டுவந்தார்.

புதியது சோப்புத் தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்தது.
கிரீஸ் ஆகாது, ரப்பரைத் தின்றுவிடும்.
போல்ட்டை அப்போதே முறுக்கவும் கூடாது.
தொங்கும்போது இறுக்கினால்
தொங்குவதே தன் நிலை என்று நினைத்துக்கொள்ளும்;
தரைக்கு வந்த நாள்முதல்
முறுக்கிக்கொண்டே கிழியும்.
சக்கரம் மாட்டி, இறக்கி,
தன் எடையில் வண்டி நின்றபிறகுதான்
கடைசி இறுக்கு.

துரு, குறுக்குச் சட்டத்தின் வாய்வரை தின்றிருந்தது.
புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தேன்.
நேர்கோட்டில் வரவில்லை.
நாற்பத்தொன்றை எறியவும் இல்லை.

அடுத்த வாரம் மலை.
ஏழு. எட்டு. சத்தமில்லை.
மாதையன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காது கொடுத்தார்.
ஒன்பதாவதில்
காலுக்குக் கீழே, மெல்ல,
எதுவோ உருண்டு போய் 'டிங்' என்றது.
பத்தாவதில் திரும்பி வந்தது.

ஞாயிறு சாயங்காலம் முழுக்கத் தேடிய
பதினேழாம் நம்பர் நட்டு,
நானே பற்றவைத்து மூடிய சட்டத்துக்குள்.

"டிக்கியில்தானே?" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
இன்னும் பத்து வளைவு.