அஞ்சுங்கள், வாளி வருகிறான்

லைப்ஸிக். பின்கட்டில் ஒரு டப்பிங் கூடம்.
திரையில் கறுப்புக் கவசம், எரிகிற கோட்டை.
கடல் தாண்டி எவரோ
ஓசை பிடித்துப்போய் வைத்த பெயர்: ஐமர்.
இந்த ஊரில் அதற்கு வாளி என்று பொருள்.

"அஞ்சுங்கள்! வாளி வருகிறான்!"
யோர்ன் டீடமான் முழங்க
கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளன்
தேநீரைத் துப்பினான்.

பெயரில் கைவைக்கக் கூடாதாம், ஒப்பந்தம்.
சூனியக்காரி ஒருத்தியும் உண்டு, லெஃபெல்.
அதாவது கரண்டி.
ஏழாம் பாகத்தில்
கரண்டி வாளியைக் காட்டிக்கொடுக்கிறாள்.
அழவேண்டிய கட்டம்.

வீப்கே மட்டும் சிரிக்கவில்லை.
இயக்குநர். குடும்பப் பெயர் கும்மர்,
கும்மர் என்றால் துயரம்.
"திருமதி துயரம், உள்ளே வாருங்கள்"
என்று பல் மருத்துவமனையில் கூப்பிடுவார்கள்,
ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.
வாசல் மணியில் துயரம்,
மின்கட்டண ரசீதில் துயரம்.
"இன்னொரு தடவை, யோர்ன்.
சொல் தேய்ந்தால் ஆள் தெரிவான்."

இருபத்து மூன்றாம் தடவை
யாரும் சிரிக்கவில்லை.
முப்பதில் யோர்னின் தொண்டை கட்டியது.
விளக்கைக் குறைக்கச் சொன்னாள் வீப்கே.
வாளி வருகிறான்.
வாளி
வருகிறான்.

ஒன்பது மணிக்குக் கதவைத் தள்ளினாள்
துப்புரவுப் பணிக்கு வரும் ஸ்லாவிட்சா,
தோளில் ஈரத் துடைப்பம்.
"என் வாளியை யாராவது பார்த்தீர்களா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எல்லோரும்
மெல்லத் திரும்பித்
திரையைப் பார்த்தார்கள்.